பாலியின் கருமணலில் குதிரைச் சவாரி: முதல்முறை போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மெரினாவில் குதிரை ஏறியவர்களுக்கு அந்தச் சவாரி நினைவிருக்கும். குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவருவார். பஜ்ஜிக் கடையிலிருந்து தண்ணீர் வரைக்கும் போய், அங்கிருந்து திரும்பி வந்தால் முடிந்தது. இறங்குவதற்குள் அப்பா ஒரு போட்டோ எடுத்திருப்பார்.

அந்த நினைப்பிலேயே பாலித் தீவில் கடற்கரைச் சவாரிக்குப் பணம் கட்டினால், முதல் பத்து நிமிடத்தில் கை நடுங்கிவிடும். எனக்கு நடுங்கியது. அங்கே பல இடங்களில் கயிற்றை யாரும் பிடிப்பதில்லை. கடிவாள வாரை நம் கையில் கொடுத்துவிட்டு, கைடு தன் குதிரையில் ஏறி முன்னால் போகத் தொடங்கிவிடுவார். ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ, வயல்வரப்பு, ஊர்த்தெரு, ஓடை, அலை என்று எல்லாவற்றையும் நாமும் குதிரையுமாகக் கடக்க வேண்டும்.

மூன்று முறை போய்விட்டேன். முதல்முறை குதிரை என்னையும் சேர்த்துக்கொண்டு கடலில் படுத்துவிட்டது. அந்தக் கதை பின்னால் வருகிறது. அன்றைக்கு நடந்த தவறு எதுவும் கடற்கரையில் தொடங்கியது இல்லை. நாள் குறிப்பதிலும், இடம் பிடிப்பதிலும், போட்டுக்கொண்டு போன பேன்ட்டிலும், படிவத்தில் எழுதிய எடையிலும்தான் தொடங்கியது. அதனால் இந்த வழிகாட்டியில் குதிரை மேல் ஏறுவதற்கே கொஞ்ச நேரம் ஆகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: எந்தக் கடற்கரை

பாலியில் சவாரிக்கு நாலைந்து கடற்கரைகள் பேர் பெற்றவை. மேற்கே செமின்யாக், சங்கு. இன்னும் வடமேற்கே தபானான் பக்கம் யே கங்கா. கிழக்கே கியான்யார் பக்கம் சபா, கெராமாஸ்.

செமின்யாக் விடுதிகளுக்குப் பக்கம், அதுதான் அதன் வசதி. ஆனால் கூட்டம் அதிகம். சாய்வு நாற்காலி, குடை, பட்டம், அலைச்சறுக்குப் பலகை, பந்து விளையாடும் பிள்ளைகள் என்று குதிரை மிரள ஆயிரம் காரணம் இருக்கும். முதல்முறை போகிறவர் சபா அல்லது யே கங்கா பக்கம் போவது நல்லது. மணல் கறுப்பு, எரிமலைப் பாறை பொடிந்து வந்தது. சபாவில் காலையில் வானம் தெளிவாக இருந்தால் ஒரு பக்கம் அகுங் மலை தெரியும். 3,000 மீட்டருக்கு மேல் உயரம், 2017-இல் தொடங்கி 2019 வரை விட்டுவிட்டுக் குமுறிய எரிமலை. மறுபக்கம் கடலுக்குள் நுசா பெனிடா தீவு. ஆளும் குறைவு.

லாயம் கடற்கரையிலேயே இருக்கிறதா, உள்ளே தள்ளி இருக்கிறதா என்றும் பாருங்கள். கொஞ்சம் உள்ளே இருப்பதே எனக்குப் பிடிக்கும். வயல் நடுவே பதினைந்து நிமிடம் நடந்து போவதற்குள் குதிரையும் நாமும் ஒருவருக்கொருவர் பழகிவிடலாம்.

படி 2: நாளும் நேரமும்

விடுதிக்காரர் "காலை 7, மாலை 4, எது வேண்டும்?" என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் கடலைக் கேட்க வேண்டும்.

கடல் ஏறியிருக்கும் நேரத்தில் போனால், குதிரைக்குக் கிடைப்பது மேலே இருக்கும் காய்ந்த மணல் மட்டும்தான். அதில் குளம்பு புதையும். குதிரையின் முன்னங்காலில் முட்டிக்குக் கீழே தசையே கிடையாது. தசைநாரும் எலும்பும்தான். ஒவ்வொரு அடிக்கும் புதைந்து எழும்போது அந்த நாரில்தான் இழுப்பு விழுகிறது. அலை இப்போதுதான் வந்து போன இடமோ தண்ணீர் ஊறிக் கொழகொழவென்று இருக்கும். இரண்டுக்கும் நடுவே, ஈரம் மட்டும் மிச்சம் இருக்கும் ஒரு பட்டை உண்டு. காலை வைத்தால் தடம் விழும், புதையாது. குதிரைக்கு வேண்டியது அந்தப் பட்டை. கடல் இறங்கும்போதுதான் அது அகலமாகக் கிடைக்கும்.

கடல் ஏறி இறங்கும் அட்டவணை இணையத்தில் எந்த ஊருக்கும் கிடைக்கிறது. கடல் மிகத் தாழ்ந்திருக்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ சவாரி அமைந்தால் நல்லது. இந்த நேரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை ஏழு மணிக்குப் பொருந்தியது நாலு நாள் கழித்துப் பொருந்தாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், இறக்கமும் அதிகம்.

அப்புறம் வெயில். கருமணல் நண்பகலில் தோசைக்கல் மாதிரி. பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை சவாரியே வேண்டாம். பாலி நிலநடுக்கோட்டுக்குக் கொஞ்சம் தெற்கே இருப்பதால் ஆண்டு முழுக்கச் சூரியன் காலை ஆறு, ஆறரைக்கு உதித்து மாலை ஆறு, ஆறேமுக்காலுக்குள் மறைந்துவிடும். நம் ஊரைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். ஊரிலிருந்து நேராகப் போய் இறங்குகிறவர்கள் முதல் நாளே காலை ஏழு மணிச் சவாரியைப் போடாதீர்கள். உடம்பு அதை நாலரை மணி என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

மாதம் என்று பார்த்தால் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மழை குறைவு. நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம். அந்த மாதங்களில் மேற்குக் காற்று கொண்டுவரும் பிளாஸ்டிக் குப்பை குத்தா, செமின்யாக் கரைகளில் ஒதுங்கும். குதிரை காலில் சிக்குவதும் உண்டு. மழைக்காலத்தில்தான் போக முடியும் என்றால் கிழக்குக் கரையைத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொன்று. பெரும்பாலும் மார்ச்சில் வரும் நியெப்பி (பாலி இந்துக்களின் புத்தாண்டு மௌன நாள்) அன்று பாலித் தீவே அடங்கிவிடும். விமான நிலையமும் 24 மணி நேரம் மூடியிருக்கும், விடுதியை விட்டு யாரும் வெளியே வரக் கூடாது. அதற்குச் சில நாள் முன்னால் மெலஸ்தி என்று ஊர் ஊராகச் சாமியைத் தூக்கிக்கொண்டு கடலுக்கு வருவார்கள். அன்றைக்குக் கடற்கரை அவர்களுடையது. பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். சவாரியை வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 3: லாயத்தைத் தேர்ந்தெடுப்பது

எல்லோரும் வாட்ஸ்ஆப்பில்தான் பதிவு செய்கிறார்கள். பணம் அனுப்புவதற்கு முன்னால் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். சவாரி செய்பவருக்கு எடை வரம்பு உண்டா? ஒரு கைடுக்கு எத்தனை பேர்? தலைக்கவசம் தருவீர்களா? ஒரு குதிரை ஒரு நாளில் எத்தனை முறை போகும்? முதல்முறை ஏறுகிறவரையும் பழகியவரையும் ஒரே குழுவில் விடுவீர்களா?

எடை வரம்பே இல்லை, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று பதில் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். முதல் கேள்விக்கே இப்படிப் பதில் சொல்லும் இடத்தில் மற்றக் கேள்விகளைக் கேட்டுப் பயனில்லை. கைடுக்கு இரண்டு மூன்று பேருக்கு மேல் இருந்தாலும் முதல்முறைக்குச் சரிப்படாது. எனக்குப் படுத்த குதிரை ஏழு பேர் குழுவில் வந்தது. கைடு ஒருவர், முன்னால் இருந்தார். அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கட்டணம் ஒரு மணி நேரத்துக்குப் பல லட்சம் ரூபியா வரும். பயந்துவிடாதீர்கள். சமீப ஆண்டுகளில் நம் ஒரு ரூபாய்க்கு 180, 190 ரூபியா என்ற அளவில் இருக்கிறது. விடுதியிலிருந்து வண்டி அனுப்புவது, காப்பீடு, போட்டோ இவையெல்லாம் அதற்குள் அடக்கமா, தனியா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பயணக் காப்பீட்டையும் திறந்து படியுங்கள். சில திட்டங்களில் குதிரைச் சவாரியைச் சாகச விளையாட்டில் சேர்த்துத் தள்ளியிருப்பார்கள். தலைக்கவசம் போடாமல் விழுந்தால் பணம் கிடையாது என்று சொல்லும் திட்டங்களும் உண்டு.

படி 4: எடையை உள்ளபடி சொல்வது

படிவத்தில் எடை கேட்பார்கள், அனுபவம் கேட்பார்கள். இந்த இரண்டு கட்டத்திலும் நம் ஆட்கள் கை கூசும். எடையில் ஐந்து கிலோ குறையும், அனுபவம் ஒரு படி ஏறும். மெரினாவில் ஏறியதை நானும் 'கொஞ்சம் பழக்கம் உண்டு' என்று எழுதியவன்தான்.

கணக்கு இதுதான். ஒரு குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது குதிரைக்காரர்கள் பொதுவாக வைத்திருக்கும் வரம்பு. இதில் சேணமும் சேர்த்தி. இந்தோனேசியாவின் உள்ளூர் இனங்கள் பலவும் சின்ன உருவம். சும்பா தீவின் சந்தனக் குதிரை தோள் வரை ஏறத்தாழ 130 சென்டிமீட்டர்தான் இருக்கும். (குதிரைக்குச் சந்தனத்தின் பெயர் வந்தது, அந்தத் தீவிலிருந்து ஒருகாலத்தில் சந்தனக்கட்டை கப்பலேறியதால்.) 250 கிலோ குதிரை என்றால் 50 கிலோ. சேணத்துக்கு எட்டு கிலோ கழித்தால் 42. பள்ளிப் பிள்ளையைத்தான் ஏற்றலாம். எழுபது கிலோ ஆளுக்கு 400 கிலோ குதிரை வேண்டும். அதற்காகவே பந்தயக் குதிரை கலந்த பெரிய குதிரைகளும் லாயங்களில் இருக்கின்றன. நீங்கள் 78-ஐ 70 என்று எழுதினால் உங்களுக்கு வந்து சேர்வது தவறான குதிரை. அது நடக்காது, அல்லது நடுவழியில் நின்றுவிடும், அல்லது முதுகு நோவு தாங்காமல் உதறும்.

அனுபவம் இல்லை என்று எழுதினால் ஒன்றும் குறைந்துவிடாது. லாயத்திலேயே சாதுவானதைத் தருவார்கள். பெரும்பாலும் கொஞ்சம் வயதானது, எதற்கும் அசையாதது. முதல்முறைக்கு அதைவிட நல்ல குதிரை கிடையாது.

படி 5: என்ன உடுத்துவது

முழு நீள, இழுத்தால் இழுபடும் பேன்ட். லெக்கிங்ஸ் அருமை. ஜீன்ஸ் போடலாம், ஆனால் உள்தொடைத் தையல் ஒரு மணி நேரத்தில் தோலை உரித்துவிடும், அதோடு நனைந்தால் இரும்பாகும். அரைக்கால் சட்டையில் போனால் சேணத்தின் வார் கெண்டைக்காலைக் கிள்ளும். துப்பட்டா, தளர்ந்த சால்வை, நீளமான சங்கிலி எதுவும் வேண்டாம். காற்றில் படபடத்தால் குதிரை மிரளும், எங்காவது சிக்கினால் நம் கழுத்துக்கு ஆபத்து. கூந்தலைத் தாழ்வாகப் பின்னிக்கொண்டால் தலைக்கவசம் சரியாக உட்காரும்.

காலுக்கு மூடிய ஷூ, பின்னால் சின்னக் குதி இருந்தால் மேல். செருப்போடு போகவே கூடாது. குதி இல்லாத செருப்பு அங்கவடிக்குள், அதாவது சேணத்திலிருந்து தொங்கும் கால் வளையத்துக்குள், முழுசாக நுழைந்துவிடும். விழுந்தால் கால் மாட்டிக்கொண்டு குதிரை இழுத்துப் போகும். குதிரைச் சவாரியில் மிக மோசமான விபத்துகளில் இதுவும் ஒன்று. அதே காரணத்துக்காகத்தான் கடிவாள வாரைக் கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது.

கண்ணாடி போடுகிறவர்கள் அதற்கு ஒரு கயிறு கட்டிக்கொள்ளுங்கள். போனை ஜிப் உள்ள பையில் வையுங்கள், அல்லது லாயத்தில் விட்டுவிடுங்கள். செல்ஃபி குச்சியைக் கையில் எடுத்தால் குதிரைக்கு அது சாட்டைதான்.

படி 6: குதிரையைப் பார்ப்பது

லாயத்துக்கு அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். சுற்றிப் பார்க்கக் கேட்டால் மறுக்க மாட்டார்கள். மறுத்தால் யோசிக்க வேண்டும்.

நிழல் இருக்கிறதா, தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். வெப்ப ஊரில் ஒரு குதிரை ஒரு நாளைக்கு 25 முதல் 50 லிட்டர் வரை குடிக்கும். விலா எலும்பு லேசாகக் கைக்குத் தட்டுப்பட்டால் பரவாயில்லை. தூரத்திலிருந்தே எண்ண முடிந்தால் சரியில்லை. சேணம் உட்காரும் தோள் மேட்டிலும், வயிற்றுப் பட்டை உரசும் முன்னங்கால் இடுக்கிலும் முடி கொட்டியோ புண்ணாகியோ இருந்தால், அந்தக் குதிரையில் ஏற மாட்டேன் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். கழுத்துத் தோலை இரண்டு விரலால் லேசாகப் பிடித்து விட்டால் உடனே படிந்துவிட வேண்டும். கூடாரம் போல நின்றால் உடம்பில் தண்ணீர் பற்றாது என்று அர்த்தம்.

குதிரைக்கு இரண்டு பக்கமும் கண் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் தெரியும். மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. அதனால் தோள் பக்கமாகப் பேசிக்கொண்டே போங்கள். கையை முகத்துக்கு நேராக நீட்டாதீர்கள். காதைக் கவனியுங்கள். முன்னால் விறைத்தால் எதையோ பார்க்கிறது. ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக இருந்தால் நம்மையும் கேட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டும் பின்னால் ஒட்டிப் படுத்தால் கோபம், விலகுங்கள்.

இந்தோனேசிய மொழியில் குதிரையைக் 'குடா' என்பார்கள். நம் காதுக்குப் பக்கத்து வீட்டுச் சொல். கைடு ஆணாக இருந்தால் 'பிளி' என்று கூப்பிடலாம், பாலி மொழியில் அண்ணன். 'பெலான் பெலான்' என்றால் மெதுவாக மெதுவாக. எனக்கு அன்றைக்கு அதிகம் பயன்பட்ட சொல் அதுதான்.

படி 7: ஏறுவது

எப்போதும் குதிரையின் இடப்பக்கம். ஏறுவதற்கு ஒரு மரப்படி வைத்திருப்பார்கள், வெட்கப்படாமல் பயன்படுத்துங்கள். தரையிலிருந்து தொங்கி ஏறினால் சேணம் ஒருபக்கம் இழுத்துக் குதிரையின் முதுகுக்குத்தான் வலி. ஏறுவதற்கு முன்னால் வயிற்றுப் பட்டையை இன்னொரு முறை இறுக்கச் சொல்லுங்கள். சில குதிரைகள் முதலில் இறுக்கும்போது வயிற்றை உப்பி வைத்துக்கொள்ளும். கொஞ்சம் நடந்த பிறகு பட்டை தளர்ந்திருக்கும்.

அங்கவடியின் நீளத்தை ஏறுவதற்கு முன்பே ஏறத்தாழ அளக்கலாம். விரல் நுனியைச் சேணத்தில் அங்கவடியின் வார் தொடங்கும் இடத்தில் வைத்துக் கையை நீட்டினால், அங்கவடி அக்குளுக்கு வர வேண்டும்.

இடக்காலை அங்கவடியில் வைத்து, இடக்கையில் கடிவாள வாரோடு கொஞ்சம் பிடரி மயிரையும் சேர்த்துப் பிடித்து, எழும்பி, வலக்காலை உயரத் தூக்கிப் போடுங்கள். குதிரையின் பின்பக்கத்தில் உதைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் உட்காருவது மெதுவாக. சாக்கு மூட்டை மாதிரி தொப்பென்று விழாதீர்கள்.

படி 8: லாயத்திலிருந்து கடல் வரை

பாதத்தின் அகலமான பகுதி மட்டும் அங்கவடியில், குதிகால் கீழே இறங்கி, பார்வை குதிரையின் காதுகளுக்கு நடுவே தூரத்தில். மிச்சமெல்லாம் தானாக வரும். கீழே குனிந்து பார்த்தால் உடம்பு முன்னால் சாய்ந்துவிடும்.

கடிவாளத்தில் தொங்காதீர்கள். அதன் மறுமுனை ஒரு வாய்க்குள் இருக்கிறது. நிறுத்த வேண்டுமானால் முதுகை நிமிர்த்திக் கனமாக உட்கார்ந்து, வாரை மெல்ல இழுத்து, கேட்டதும் விட்டுவிட வேண்டும். இழுத்துக்கொண்டே இருந்தால் அது பழகிப்போய்க் கேட்காது. திரும்ப வேண்டுமானால், திரும்பும் பக்கக் கையைக் கொஞ்சம் விலக்குங்கள். நடக்க, இரண்டு கெண்டைக்காலாலும் ஒரு சின்ன அழுத்தம்.

முன்குதிரைக்கும் நமக்கும் ஒரு குதிரை நீளம் இடைவெளி இருக்கட்டும். ஒட்டிப் போனால் அது உதைக்கும், அந்த உதை நம் முழங்காலில் விழும். வழியில் புல்லைப் பார்த்தால் குதிரை தலையைக் கீழே இழுக்கும். முதல் தடவையே மறுத்துவிடுங்கள். ஒரு வாய் விட்டால் அப்புறம் சவாரி முழுக்க மேய்ச்சல்தான்.

ஊர்த்தெருவில் ஸ்கூட்டர்கள் வரும். தென்னோலைத் தட்டில் பூ வைத்த சின்னச் சின்னப் படையல்கள் வாசலிலும் மணலிலும் இருக்கும். கைடு அவற்றைச் சுற்றித்தான் போவார், நீங்களும் அப்படியே போங்கள். நாய்கள் குரைத்துக்கொண்டு வரும். குதிரைக்குப் பழக்கம்தான். நீங்கள் இறங்கி நாயைக் கொஞ்ச வேண்டாம். 2008 முதல் பாலியில் வெறிநாய்க்கடி நோய் இருக்கிறது. கடித்தால் பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றைக்கே தடுப்பூசிக்குப் போக வேண்டும்.

படி 9: மணலும் அலையும்

சவுக்கு மரமும் தாழையும் விலகிச் சட்டென்று கடல் திறக்கும்போது குதிரை ஒரு நொடி நிற்கும். காது இரண்டும் முன்னால் விறைக்கும். அவசரப்படுத்தாதீர்கள். பார்த்துக்கொள்ளட்டும். அதற்குள் நீங்களும் மூச்சை விட்டுத் தோளைத் தளர்த்துங்கள். நாம் மூச்சைப் பிடித்தால் அது சேணம் வழியே குதிரைக்குப் போய்விடும்.

முதலில் ஈர மணல் பட்டையில் கொஞ்ச நேரம் நடங்கள். பிறகுதான் அலை. அலையில் ஒரு வேடிக்கை உண்டு. கணுக்கால் அளவு தண்ணீர் கடலுக்குத் திரும்பி ஓடும்போது கீழே பார்த்தீர்களானால், தண்ணீர் நின்றுவிட்டது போலவும் குதிரை பக்கவாட்டில் வழுக்கிப் போவது போலவும் இருக்கும். தலை சுற்றும். குதிரைக்கும் அப்படித்தான் போலும், ஓடும் நுரையோடு சேர்ந்து அதுவும் ஒருபக்கம் ஒதுங்கப் பார்க்கும். கண்ணைத் தூரத்து மலையிலோ முன்குதிரையின் வாலிலோ வைத்துக்கொள்ளுங்கள். அலைக்கு நேராக முகத்தைக் காட்டி நிற்பதைவிட, கரையை ஒட்டிச் சாய்வாக நுழைவதே எந்தக் குதிரைக்கும் எளிது.

இனி என் கதை. தண்ணீர் முழங்கால் அளவு வந்ததும் குதிரை நின்றது. முன்னங்காலால் தண்ணீரைத் தட்டத் தொடங்கியது. பளார் பளார் என்று. விளையாடுகிறது என்று நினைத்துக் கழுத்தைத் தட்டிக்கொடுத்தேன். இன்னும் இரண்டு தட்டு தட்டியது. தலை தாழ்ந்தது. அடுத்த நொடி முன்முட்டி மடிந்து, என் இடக்கால் தண்ணீருக்குள் போய், குதிரை பாயில் படுப்பது போல நிதானமாகப் படுத்துவிட்டது. அங்கவடியிலிருந்து கால் எப்படியோ கழன்றுவிட்டதால் பிழைத்தேன். பையில் இருந்த போன் பிழைக்கவில்லை.

வெயிலில் வேர்த்த குதிரைக்குத் தண்ணீரிலும் மணலிலும் புரள ஆசை வரும். அதற்கு முன்னறிவிப்புதான் அந்தத் தட்டல். அதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. பின்னொரு முறை வேறொரு கைடு இரண்டே சொல்லில் சொல்லிக்கொடுத்தார்: "அங்கட் கெபாலா." தலையைத் தூக்கு. கெபாலா நம் கபாலம்தான், சமஸ்கிருதம் இரண்டு ஊருக்கும் போயிருக்கிறது. தட்டத் தொடங்கிய உடனே வாரை மேல்நோக்கி இழுத்துத் தலையைத் தூக்கி, இரண்டு காலாலும் பலமாக அழுத்தி முன்னால் நடக்க வையுங்கள். நடக்கும் குதிரை படுக்காது.

ஓடை கடலில் கலக்கும் இடங்களில் மணல் பார்க்கக் கெட்டியாகத் தெரிந்து உள்ளே வாங்கும். கைடு கடந்த அதே தடத்தில் கடங்கள். நீச்சலுக்கு அழைத்துப் போகும் லாயங்கள் உண்டு. அங்கே சேணத்தைக் கழற்றிவிட்டுத்தான் ஆழத்துக்குப் போவார்கள், போக வேண்டும். தோல் சேணத்தோடு இடுப்பளவு தண்ணீரில் இறக்குகிற இடமாக இருந்தால் அவர்களுக்குத் தொழில் தெரியவில்லை.

படி 10: ஓடலாமா

கைடு திரும்பிப் பார்த்து "ட்ராட்?" என்பார். நடை மணிக்கு ஆறேழு கிலோமீட்டர். ட்ராட் என்கிற துள்ளோட்டம் அதற்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதில் எலும்பெல்லாம் குலுங்கும். ஒரு துள்ளலுக்கு எழுந்து, அடுத்த துள்ளலுக்கு உட்கார்ந்து, தாளம் பிடித்தால் குலுங்கல் நின்றுவிடும். ஒன்று-இரண்டு, ஒன்று-இரண்டு என்று வாய்விட்டு எண்ணினால் கால் மணி நேரத்தில் வந்துவிடும். வரவில்லையென்றால் பிடரியைப் பிடித்துக்கொண்டு "பெலான் பெலான்" சொல்லுங்கள்.

அதற்கு அடுத்தது கேன்டர், பாய்ச்சல். இன்ஸ்டாகிராமில் பார்க்கிற வெள்ளைச் சட்டைக் காட்சி இதுதான். முதல் நாளில் வேண்டாம் என்பது என் கருத்து. திறந்த கடற்கரையில் ஒரு குதிரை பாய்ந்தால் மற்றதும் பாயும், தடுக்க வேலியும் இல்லை. லாயத்துக்குத் திரும்பும் திசையில் ஒருபோதும் பாய விடாதீர்கள். வீட்டு வாசனை பட்டுவிட்டால் அதை நிறுத்துவது கஷ்டம்.

மீறி ஓடிவிட்டால் இரண்டு வாரையும் சேர்த்து இழுத்துப் போராடாதீர்கள், அது இன்னும் பலமாக இழுக்கும். நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு பக்க வாரை மட்டும் படிப்படியாக இழுத்து வட்டமாகத் திருப்புங்கள். வட்டம் சிறுக்கச் சிறுக்க வேகம் குறையும். கத்த வேண்டாம். விழுவது உறுதியாகிவிட்டால் இரண்டு காலையும் அங்கவடியிலிருந்து உதறி, வாரை விட்டுவிட்டு, உருண்டு விலகுங்கள். குதிரையைக் கைடு பிடித்துக்கொள்வார். தலை அடிபட்டிருந்தால், ஒன்றுமில்லை என்று தோன்றினாலும் அன்றைக்கு மறுபடி ஏறாமல் மருத்துவரைப் பாருங்கள்.

படி 11: இறங்குவது, அதற்கப்புறம்

இறங்கும்போது முதலில் இரண்டு காலையும் அங்கவடியிலிருந்து எடுத்துவிடுங்கள். முன்னால் சாய்ந்து, வலக்காலைப் பின்னால் சுழற்றி, வயிற்றால் வழுக்கி இறங்குங்கள். தரை தொடும்போது முட்டி மடங்கிப் போகும். சேணத்தைப் பிடித்துக்கொண்டே ஒரு நிமிடம் நில்லுங்கள்.

உடனே காரைக் கூப்பிட்டுவிடாதீர்கள். நல்ல லாயத்தில் குதிரையை நேராகக் கட்ட மாட்டார்கள். கொஞ்சம் நடக்கவிட்டு, சேணத்தை இறக்கி, நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவுவார்கள். கேட்டால் குழாயை உங்கள் கையிலும் தருவார்கள். சேணம் இருந்த இடம் மட்டும் கறுத்து, ஆவி பறக்க, வேர்வையில் ஒரு வரைபடம் மாதிரி இருக்கும். முன்னங்கால் இடுக்கில் மணல் ஒட்டியிருக்கும், அதை நன்றாகக் கழுவுங்கள், இல்லாவிட்டால் அடுத்த சவாரியில் அது உப்புக்காகிதம் போல அறுக்கும். குளம்புக்குள் சிக்கிய மணலைக் கைடு கொக்கியால் சுரண்டி எடுப்பார். அப்புறம் அதை அவிழ்த்துவிட்டால் நேரே மணல் குழிக்குப் போய், கடலில் செய்ய விடாததை நாலு காலையும் மேலே தூக்கிச் செய்யும். கைடுக்கு ஏதாவது கையில் கொடுக்க நினைத்தால் இந்த நேரத்தில் கொடுங்கள். கழுவுகிற பையனையும் மறந்துவிடாதீர்கள்.

மறுநாள் உள்தொடை இரண்டும் உங்களுடையவையாக இருக்காது. நான் சவாரிக்கு அடுத்த நாள் குனுங் காவி கோயிலுக்குத் திட்டம் போட்டிருந்தேன். பாறையில் குடைந்த கோபுரங்களைப் பார்க்க ஒரு பள்ளத்தாக்குக்குள் நூற்றுக்கணக்கான படிகள் இறங்க வேண்டும். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கிக்கொண்டிருந்த என்னை, தலையில் கூடையோடு ஒரு பாட்டி மூன்று முறை கடந்து போனார்.